ஹெட்லைட் பல்பு மாற்றப் போகிறீர்களா? பல்பைக் கடைசியாகப் பாருங்கள்

காரின் மின் வேலைதான் என் தொழில். ராத்திரியில் ரோடு சரியாகத் தெரியவில்லை என்று வருபவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றேதான்: "எந்த பல்பு போடலாம்?" நான் உடனே பதில் சொல்வதில்லை. முதலில் ஹெட்லைட்டின் முன்மூடியைப் பார்ப்பேன். அப்புறம் பல்பு வரைக்கும் எத்தனை வோல்ட் வந்து சேருகிறது என்று அளப்பேன். அப்புறம் காரைச் சுவருக்கு எதிரே நிறுத்தி வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்ப்பேன். இந்த மூன்றும் சரியாக இருந்த பிறகுதான் பல்புப் பேச்சு. வந்தவர்களில் பல பேர் புது பல்பு வாங்காமலேயே திருப்தியாகத் திரும்பியிருக்கிறார்கள்.

முன்மூடி இப்போதைய கார்களில் பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அதன் மேல் ஒரு பாதுகாப்புப் பூச்சு உண்டு. வருஷக் கணக்கில் வெயில் பட்டு அந்தப் பூச்சு போய்விட்டால் மஞ்சள் படிந்து மங்கிவிடும். மங்கிய மூடி வெளிச்சத்தைக் குறைப்பது மட்டுமில்லை, கண்டபடி சிதறவும் விடுகிறது. எதிரே வருபவருக்குக் கண் கூசும், உங்களுக்கோ தூரம் தெரியாது. தண்ணீர் விட்டு நைஸான உப்புத்தாளால் படிப்படியாகத் தேய்த்து, பாலிஷ் போட்டு, கடைசியில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு கொடுக்க வேண்டும். அந்தக் கடைசிப் பூச்சை விட்டுவிட்டால் சீக்கிரமே மறுபடி மஞ்சளாகும். டூத்பேஸ்ட் தேய்ப்பதிலும் இதே குறைதான். தேய்ப்பதற்கு முன் ஒரு டார்ச் அடித்து, உள்ளே வெளிச்சத்தை ரோட்டுக்குத் திருப்பிவிடும் ரிஃப்ளெக்டரையும் பாருங்கள். வெள்ளிப் பூச்சு கருகியோ உரிந்தோ இருந்தால் எந்த பல்பும் அதைக் காப்பாற்றாது. ஹெட்லைட்டையே மாற்ற வேண்டும்.

அடுத்தது வோல்ட். இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை, எனக்கு இதில்தான் ஆதங்கம் அதிகம். ஹாலஜன் பல்பு, அதாவது உள்ளே ஃபிலமென்ட் என்ற கம்பிச் சுருள் எரியும் வழக்கமான வகை, தரும் வெளிச்சம் வோல்ட்டோடு நேர் விகிதத்தில் கூடிக் குறைவதில்லை. ஏறத்தாழ வோல்ட்டின் 3.4-ஆவது அடுக்குக்கு (பவர்) ஏற்ப மாறுகிறது. 5 சதவீதம் வோல்ட் குறைந்தால் வெளிச்சம் சுமார் 16 சதவீதம் போய்விடும். 10 சதவீதம் குறைந்தால் சுமார் 30 சதவீதம். என்ஜினை ஓடவிட்டு, லோ பீம் (எதிரே வண்டி வரும்போது போடும் தாழ்ந்த வெளிச்சம்) எரியும்போதே, பல்பு மாட்டியிருக்கும் நிலையில் அதன் முனைகளில் மல்டிமீட்டரை வையுங்கள். பல்பைக் கழற்றிவிட்டு வெறும் ஹோல்டரில் அளந்தால் கரண்ட் ஓடாது, எல்லாம் சரியாக இருப்பதுபோலவே காட்டும். பேட்டரியில் 13.8 வோல்ட் இருந்து பல்பில் 12.2 மட்டும் வந்தால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் வழியிலேயே தொலைந்துவிட்டது என்று அர்த்தம். துருப்பிடித்த எர்த் (கரண்ட் காரின் உடல் வழியாகத் திரும்பும் இணைப்பு), கறுத்துப்போன கனெக்டர், தேய்ந்த ஸ்விட்ச், மெல்லிய வயர், இவற்றில் ஏதோ ஒன்றுதான் காரணமாக இருக்கும். எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்குவதே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். பழைய காரில் முழுக் கரண்ட்டும் ஸ்விட்ச் வழியாகப் போவதாக இருந்தால், பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்து ரிலே வயரிங் போடலாம். ரிலே என்பது சிறு கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச். புதுக் கார்களில் கம்ப்யூட்டர்தான் ஹெட்லைட்டை இயக்குகிறது. பல மாடல்களில் கரண்ட்டை நொடிக்குப் பல முறை விட்டுவிட்டுக் கொடுக்கும். அங்கே சாதாரண மீட்டர் காட்டுவதை நம்ப முடியாது. ரிலேவும் போடக் கூடாது.

சரி, இப்போது பல்பு.

உங்கள் காருக்கு என்ன வகை என்பதைக் காரின் கையேட்டிலோ பழைய பல்பின் அடிப்பகுதியிலோ பாருங்கள். ஹெச்4 என்றால் ஒரே பல்பில் இரண்டு ஃபிலமென்ட், ஹை பீமுக்கு 60 வாட், லோ பீமுக்கு 55. ஹெச்7, ஹெச்11 எல்லாம் ஒரே ஃபிலமென்ட், 55 வாட். ஹெச்பி3 என்பதும் 9005 என்பதும் ஒன்றே. ஹெச்பி4 என்பது 9006. லோ பீமுக்கு ஒரு வகை, ஹை பீமுக்கு வேறு வகை என்று இருக்கும் கார்களும் உண்டு, இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். பொருந்தாத பல்பின் அடிப்பகுதியில் நீட்டிக்கொண்டிருக்கும் காதைச் சீவி உள்ளே நுழைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் ஃபிலமென்ட் குறிப்பிட்ட ஒரே இடத்தில் இருக்கும் என்ற கணக்கில் செய்யப்பட்டது. ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனாலே ரோட்டில் விழும் வெளிச்சத்தின் உருவம் மாறிவிடும். ஹெச்4 பல்பை உற்றுப் பாருங்கள்: லோ பீம் ஃபிலமென்டுக்குக் கீழே சின்ன உலோகக் கிண்ணம் ஒன்று இருக்கும். ரிஃப்ளெக்டரின் கீழ்ப் பாதிக்கு வெளிச்சம் போகாமல் தடுப்பது அதுதான். சுவரில் மேலே இருட்டு, கீழே வெளிச்சம் என்று ஒரு கோடு தெரிகிறதே, அந்தக் கோட்டை உண்டாக்குவது அந்தக் கிண்ணம். எதிரே வருபவரின் கண்ணைக் காப்பாற்றுவதும் அந்தக் கோடுதான்.

ஹாலஜனுக்குள்ளேயே பெட்டி பெட்டியாக வகைகள் உண்டு. "100 சதவீதம் கூடுதல்", "150 சதவீதம் கூடுதல்" என்று போட்டிருப்பதைப் படித்துவிட்டு வெளிச்சம் இரண்டரை மடங்கு வரும் என்று நினைக்க வேண்டாம். ஐ.நா. விதிமுறைப்படி ஹெச்7 பல்பு 13.2 வோல்ட்டில் 1,500 லூமென் (பல்பு தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு) கொடுக்க வேண்டும், கூடக் குறைய 10 சதவீதம். ஒப்புதல் முத்திரை பெற்ற பல்பு எதுவும் இதைத் தாண்ட முடியாது. பெட்டியில் போடும் சதவீதம், ரோட்டில் குறிப்பிட்ட சில இடங்களில் விழும் வெளிச்சத்தைச் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட்டுச் சொல்வது. ஃபிலமென்டை மெல்லியதாக, நெருக்கமாகச் சுற்றி, கூடுதல் சூட்டில் எரிய விடுகிறார்கள். அதனால் வெளிச்சம் கூர்மையாகக் குவிந்து தூரம் போகிறது. இது உண்மையான பலன், கண்ணுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் ஆயுள் குறையும். ஆஸ்ராமின் நைட் பிரேக்கர், பிலிப்ஸின் எக்ஸ்ட்ரீம் விஷன் இந்த வகை. தெருவிளக்கு இல்லாத ரோட்டில் அடிக்கடி ராத்திரி ஓட்டுபவருக்கு நான் சொல்வது இதைத்தான். பகலிலும் லோ பீம் எரிந்துகொண்டே இருக்கும் கார் என்றால் நீண்ட ஆயுள் வகையை வாங்குங்கள். வெளிச்சம் கொஞ்சம் குறைவாக இருக்கும், ஆனால் சில மாதங்களுக்கு ஒருமுறை பல்பு மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பம்பரைக் கழற்றினால்தான் பல்பு கைக்கு எட்டும் என்ற கார்களுக்கும் இதே யோசனைதான்.

நீலம் பூசிய பல்புகளைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தையே இல்லை. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற வெப்ப அளவில் சொல்வார்கள்; எண் கூடக்கூட நீலம் கூடும். ஹாலஜன் ஃபிலமென்ட் எரியும் நிறம் ஏறத்தாழ 3,200 கெல்வின். ஃபிலமென்ட் செய்யும் டங்ஸ்டன் உருகுவதே 3,700 கெல்வினுக்கு அருகில்தான். அப்படியிருக்க, ஹாலஜன் பெட்டியில் 5,000 கெல்வின் என்று போட்டிருந்தால் அது கண்ணாடியில் பூசிய நீலத்தின் வேலை. நீலப் பூச்சு புதிதாக எந்த வெளிச்சத்தையும் கொண்டுவருவதில்லை, இருக்கிற மஞ்சளையும் சிவப்பையும் உள்ளேயே பிடித்துவைக்கிறது. வெள்ளையாகத் தெரிகிறது, ரோடு தெரிவதில்லை. மழையில் இன்னும் மோசம். நல்ல பல்புகள் சிலவற்றிலும் ஓரங்களில் நீலப் பட்டை இருக்கும். ஃபிலமென்டுக்கு நேரே கண்ணாடி தெளிவாக இருந்தால் அது பரவாயில்லை.

ஹை பீமுக்கு 100, லோ பீமுக்கு 90 என்ற 100/90 வாட் பல்பு? வேண்டாம். கரண்ட் 60-க்குப் பதில் 100 வாட்டுக்கு ஓடும்போது வயரில் சூடு ஏறத்தாழ 2.8 மடங்காகிறது. உருகி ஒட்டிக்கொண்ட ஹோல்டர்களை என் மேஜையில் நிறையவே பார்த்திருக்கிறேன்.

இப்போது எல்லோரும் கேட்கும் எல்.இ.டி.க்கு வருவோம். எல்.இ.டி. தொழில்நுட்பத்தில் ஒரு குறையும் இல்லை. எல்.இ.டி.க்கென்றே வடிவமைத்த ஹெட்லைட்டுகள் அருமையாக வேலை செய்கின்றன. ஹாலஜனுக்காகச் செய்த ஹெட்லைட்டில் எல்.இ.டி. பல்பைச் சொருகும்போதுதான் சிக்கல். ஃபிலமென்ட் சுற்றிலும் எல்லாத் திசையிலும் எரிவது. எல்.இ.டி.யில் ஒரு தகட்டின் இரண்டு பக்கமும் ஒட்டிய சில்லுகள்தான் உண்டு. ரிஃப்ளெக்டருக்கு வெளிச்சம் வரும் இடமே மாறிப்போகிறது. பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், காருக்குப் பக்கத்திலேயே ரோடு பளிச்சென்று வெள்ளையாகும். ஓட்டுபவருக்கு "ஆஹா, என்ன வெளிச்சம்!" என்று தோன்றும். ஆனால் பக்கத்து வெளிச்சத்துக்குக் கண் பழகிவிட்டால் தூரத்து இருட்டில் நிற்கும் ஆள் தெரிவது குறைகிறது. வேகமாகப் போகும்போது நமக்குத் தேவை அந்தத் தூரம்தான்.

பெட்டியில் 20,000 லூமென் என்று இருக்கும். ஒரு பல்பு எத்தனை வாட் இழுக்கிறது என்று பாருங்கள். 25 வாட் என்றால், வாட்டுக்கு 100 லூமென் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் 2,500-தான். அதுவும் சூடேறச் சூடேற இறங்கும். சில்லு ஃபிலமென்ட் இருந்த அதே இடத்தில், அதே அளவுக்கு மெல்லியதாக உட்காருகிறதா, பின்னால் இருக்கும் ஃபேனோ உலோகத் தகடோ தூசி மூடியை மூட விடுகிறதா, காரின் கம்ப்யூட்டர் பல்பு ஃபியூஸ் போனதாக எச்சரிக்கை காட்டுகிறதா, இதையெல்லாம் வாங்கும் முன்பே விசாரித்துவிடுங்கள். மாட்டும்போது சில்லுகள் இடமும் வலமும் பார்க்க வேண்டும், மேலும் கீழும் பார்க்கக் கூடாது. புரொஜெக்டர் ஹெட்லைட் (முன்னால் உருண்டையான லென்ஸ் இருக்கும் வகை) வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: உள்ளே இருக்கும் தடுப்புத் தகடு எந்த பல்பு போட்டாலும் கோட்டை நேராகவே காட்டும். கோடு சுத்தமாக இருப்பதால் பல்பு சரி என்று முடிவு செய்யாதீர்கள். கோட்டுக்குச் சற்றுக் கீழே, நடுவில், வெளிச்சம் அழுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, எல்.இ.டி. முன்பக்கமாகச் சூடு தருவதில்லை. மூடியில் பனி படிந்தால் கரையாது.

சட்டமும் இருக்கிறது. ஹாலஜன் ஹெட்லைட்டில் எல்.இ.டி. பல்பு போடப் பல நாடுகளில் அனுமதி இல்லை. ஜெர்மனியில் 2020-இல் ஒரு ஆஸ்ராம் மாடலுக்கு முதன்முதலாக அனுமதி கொடுத்தபோதும், பரிசோதித்துப் பட்டியலிட்ட கார்களுக்கு மட்டுமே கொடுத்தார்கள். உங்கள் ஊர் விதி என்ன என்பதை விற்பவரிடம் கேட்காமல் போக்குவரத்துத் துறையின் விதியிலேயே பாருங்கள்.

ஹாலஜன் ஹெட்லைட்டில் செனான் கிட் (ஃபிலமென்ட் இல்லாமல், வாயுவுக்குள் மின்வில்லால் எரியும் பல்பு) மாட்டுவதை நான் செய்து தருவதில்லை. கம்பெனியிலிருந்தே செனான் வந்த கார் என்றால் பழைய பல்பில் இருக்கும் அதே டி எண்ணைத்தான் வாங்க வேண்டும். டி2எஸ் சுமார் 85 வோல்ட்டில் ஓடுவது, பாதரசம் இல்லாத டி4எஸ் சுமார் 42 வோல்ட்டில் ஓடுவது. ஒன்றுக்கு மற்றொன்று சரிப்படாது. பற்றவைக்கும்போது 20,000 வோல்ட்டுக்கு மேல் பாயும் என்பதால் மாற்றுவதைத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

வாங்கும்போது அடிப்பகுதியில் வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஐ.நா. விதிமுறைப்படி ஒப்புதல் பெற்ற முத்திரை அது. எண் ஒப்புதல் கொடுத்த நாட்டைக் குறிக்கும், 1 என்றால் ஜெர்மனி. பெரிய பிராண்டுகளுக்குப் போலிகள் நிறைய. ஃபிலமென்ட் கோணலாக இருந்தாலோ எழுத்து கலங்கி இருந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மாட்டுவதற்கு முன் சுவரில் பழைய பல்பின் கோட்டை டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். சமதளத்தில், சுவருக்கு 10 மீட்டர் தள்ளி, டயர் காற்று சரியாக, ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்கார்ந்திருக்க, டேஷ்போர்டில் வெளிச்சத்தின் உயரம் மாற்றும் திருகு இருந்தால் அது பூஜ்யத்தில் இருக்க வேண்டும். பல்பின் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். விரல் எண்ணெய் பட்ட இடம் மட்டும் அதிகச் சூடாகி பல்பு சீக்கிரம் போய்விடும். தொட்டுவிட்டால் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் துடைத்துவிடுங்கள். இரண்டு பக்கத்தையும் சேர்த்தே மாற்றுங்கள். பல்பு அதன் பள்ளத்தில் முழுதாக உட்கார்ந்து கிளிப் விழுந்ததா என்று பாருங்கள்; ஹெச்7-இல் அரைகுறையாக உட்கார்ந்த பல்பை வாரம் ஒன்றாவது பார்க்கிறேன்.

அப்புறம் மறுபடி சுவர். ஹெட்லைட்டின் மேலேயோ பானெட்டின் உட்புறத்திலோ 1.0 அல்லது 1.2 சதவீதம் என்று ஸ்டிக்கர் இருக்கும். 1.0 என்றால் 10 மீட்டரில் கோடு, ஹெட்லைட் நடுமையத்தின் உயரத்திலிருந்து 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் கோடு இடது ஓரம் நோக்கி மேலேறும், வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் வலது ஓரம் நோக்கி. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த காரில் இது தலைகீழாக இருந்தால் பல்பு மாற்றிப் பயனில்லை, ஹெட்லைட்தான் மாற வேண்டும். கோடு பழைய டேப்பை விட மேலே போயிருந்தால் ஹெட்லைட்டிலேயே இருக்கும் திருகைத் திருப்பி இறக்குங்கள். கோடே காணாமல் போய் வெளிச்சம் மேலே சிதறுகிறது என்றால் அந்த பல்பு உங்கள் ஹெட்லைட்டுக்கு ஆகாது. எவ்வளவு கொடுத்து வாங்கியிருந்தாலும் கழற்றிவிடுங்கள்.

கழற்றிய பழைய ஜோடி இன்னும் எரிகிறதென்றால் தூக்கிப் போட வேண்டாம். புது பல்பு வந்த பெட்டியிலேயே அவற்றைப் போட்டு காரில் வைத்துக்கொள்ளுங்கள். கூடவே ஒரு ஜோடி சுத்தமான கையுறையும்.