அண்டைப் பள்ளிகள் இணைந்து இயங்குவதற்கான வழிமுறை

60 பிள்ளைகள் வரை படிக்கும் தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் என்பது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வகுத்த கணக்கு. ஐந்து வகுப்புகளையும் பகிர்ந்துகொண்டு நடத்தும் அந்த இருவரில் ஒருவருக்கு மூன்றாம் வகுப்புக் கணக்கில் ஒரு சிக்கல் எழுந்தால், அதே பாடத்தை நடத்தும் இன்னொருவரிடம் கலந்து பேச அந்தப் பள்ளிக்குள் வழியில்லை. அப்படிப்பட்டவர் இரண்டு, மூன்று கிலோமீட்டர் தள்ளி, அடுத்த ஊர்ப் பள்ளியில் இருக்கிறார். இந்த இருவரையும் தொடர்ந்து சந்திக்க வைப்பதுதான் பள்ளிகளுக்கிடையிலான கூட்டுறவின் முதல் வேலை. மற்றவை எல்லாம் அதன் பிறகு வருபவை.

கொள்கை அளவில் இந்த எண்ணம் பழையது. கோத்தாரி தலைமையிலான கல்விக் குழு (1964–66) ஓர் உயர்நிலைப் பள்ளியையும் அதைச் சுற்றியுள்ள சிறு பள்ளிகளையும் ஒரே வளாகமாக இணைக்கப் பரிந்துரைத்தது; 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை அதே பரிந்துரையை மீண்டும் எடுத்துக்கொண்டது. வளாகம் என்றதும் சிறு பள்ளியை மூடிப் பெரிய பள்ளியோடு சேர்த்துவிடுவார்களோ என்று பெற்றோரும் ஆசிரியர்களும் அஞ்சுவது நியாயமானதே. ஆகவே, சேர்ந்து இயங்குவதால் எந்தப் பள்ளியும் தன் பெயரையோ இடத்தையோ இழக்காது என்பதை முதல் கூட்டத்திலேயே பேசி, தீர்மானப் பதிவேட்டில் எழுதிக்கொள்வது நல்லது.

தொடங்கும்போது மூன்று முதல் ஐந்து பள்ளிகள் போதும். ஒரு நடுநிலை அல்லது உயர்நிலைப் பள்ளியின் ஆறாம் வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பும் தொடக்கப் பள்ளிகள் எவை என்று சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்தப் பள்ளிகளும் பிள்ளைகள் சென்று சேரும் பள்ளியும்தான் இயல்பான குழு. பின்னர் வட்டாரக் கல்வி அலுவலரிடமும், உயர்நிலைப் பள்ளி இருந்தால் மாவட்டக் கல்வி அலுவலரிடமும் நோக்கத்தையும் நாட்களையும் குறிப்பிட்டு எழுத்துப்பூர்வமாக அனுமதி பெறுங்கள். வாய்மொழி இசைவை நம்பித் தொடங்கிய ஏற்பாடு, அலுவலர் மாறியதும் நின்றுபோகும்.

அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்களுக்காகக் கல்வித் துறை கூட்டும் குறுவள மையக் கூட்டங்கள் ஏற்கெனவே நடக்கின்றனவே, இது எதற்கு என்ற கேள்வி எழும். அந்தக் கூட்டத்தின் பொருள் பெரும்பாலும் மாநில அளவில் முடிவாகி, மாவட்டம், வட்டாரம் வழியாக ஆசிரியரை வந்தடைகிறது. அதற்கும் பயன் உண்டு. நான் சொல்லும் கூட்டமோ எதிர்த்திசையில், பிள்ளையின் நோட்டிலிருந்து தொடங்க வேண்டியது. ஆசிரியர் ஒவ்வொருவரும் தம் வகுப்பிலிருந்து ஐந்து கணக்கு நோட்டுகளைக் கொண்டுவரட்டும். 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று விடை எழுதிய பிள்ளை அவற்றில் ஒன்றிலேனும் இருக்கும். ஒன்றாம் இடத்தில் 2-லிருந்து 7 போகாது என்பதால், அந்தப் பிள்ளை 7-லிருந்து 2-ஐக் கழித்து 5 என்று எழுதியிருக்கிறது. பத்தாம் இடத்தில் 5-லிருந்து 2 போக 3. கவனக்குறைவால் வந்த பிழையன்று இது. பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைத்தான் கழிக்க வேண்டும் என்று பிள்ளை தானே உருவாக்கிக்கொண்ட விதி. மூன்றாம் வகுப்பு ஆசிரியர் இதைக் காட்டும்போது, ஆறாம் வகுப்பு ஆசிரியர் தம் நோட்டுக் கட்டிலும் அதே பிழையைக் கண்டெடுத்தால், இரண்டு பள்ளிகளுக்கும் பொதுவான வேலை ஒன்று அங்கேயே கிடைத்துவிடுகிறது.

அடுத்து, ஒருவர் அந்தப் பாடத்தைப் பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிக்கட்டுகளைக் கொண்டு நடத்த, மற்றவர்கள் வகுப்பின் பின்பக்கம் அமர்ந்து பார்க்க வேண்டும். பார்ப்பவர்கள் ஆசிரியரை மதிப்பிடக் கூடாது. ஆளுக்கு இரண்டு பிள்ளைகளை மட்டும் கவனித்து, ஒரு பத்துக்கட்டை அவிழ்த்து ஒன்றுகளோடு சேர்க்கும் கட்டத்தில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். வகுப்பு முடிந்ததும் நடத்திய ஆசிரியரே முதலில் பேசட்டும். தலைமையாசிரியர்கள் கடைசியில் பேசினால், இளம் ஆசிரியர்கள் தயங்காமல் வாய் திறப்பார்கள். இடம் மாதந்தோறும் பள்ளிக்குப் பள்ளி மாற வேண்டும். பெரிய பள்ளியிலேயே எப்போதும் கூடினால், சிறிய பள்ளி கேட்டுக்கொள்ளும் இடத்திலேயே தங்கிவிடும். பல வகுப்புகளை ஒரே அறையில் அமர்த்திக் கற்பிக்கும் திறனை ஈராசிரியர் பள்ளியிலிருந்துதான் மற்றவர்கள் கற்க வேண்டியிருக்கிறது.

ஈராசிரியர் பள்ளியிலிருந்து ஒருவர் வெளியே போனால் மற்றவர் ஐந்து வகுப்புகளையும் தனியாகச் சமாளிக்க நேரும். எனவே பெரிய பள்ளியிலிருந்து அன்றைக்கு ஓர் ஆசிரியரை அங்கே அனுப்பும் ஏற்பாட்டை முன்கூட்டியே செய்யுங்கள். கல்வித் துறை உண்மையாகவே இத்தகைய கூட்டுறவை விரும்பினால், இந்த நேரத்தைப் பணி நேரமாகக் கணக்கிட்டுப் பயணப்படியும் தர வேண்டும். ஆசிரியரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பிக் கொள்கை வகுப்பது அவருக்குச் செய்யும் அநீதி.

ஆய்வகம், நூலகம், விளையாட்டுத் திடல் ஆகியவற்றைப் பகிர்வது எளிது. யார் எப்போது பயன்படுத்துவது, பொருள் உடைந்தால் யார் பொறுப்பு என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, பள்ளி மேலாண்மைக் குழுக்களின் ஒப்புதலைப் பெற்றால் போதும்.

மதிப்பெண் விவரங்களைப் பகிர்வதில்தான் மிகுந்த எச்சரிக்கை தேவை. லண்டன் நகரப் பள்ளிகளை மேம்படுத்த 2003 முதல் 2011 வரை நடந்த ‘லண்டன் சேலஞ்ச்’ திட்டத்தில், ஒத்த பின்னணி கொண்ட மாணவர்கள் படிக்கும் பள்ளிகளை ஒரே ‘குடும்பமாக’ வகைப்படுத்தி, அவற்றின் தேர்ச்சி விவரங்களை அருகருகே வைத்தார்கள். நம்மைப் போன்ற பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தப் பள்ளி இதை எப்படிச் செய்தது என்று சென்று கேட்பதற்கு அந்த அட்டவணை வழிவகுத்தது. அதே விவரம் தரவரிசைப் பட்டியலாக அலுவலகச் சுவரில் ஏறினால், பிழையுள்ள நோட்டை எந்த ஆசிரியரும் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவர மாட்டார். எனவே குழுவுக்குள் பகிரப்படும் நோட்டுகளும் எண்களும் குழுவைத் தாண்டக் கூடாது என்பதை அலுவலரிடமும் முன்பே சொல்லி இசைவு பெறுங்கள்.

ஒவ்வொரு கூட்டத்திலும் பார்த்த பாடம், கண்ட பிழை, அடுத்த மாதம் முயல வேண்டியது ஆகிய மூன்றையும் ஒரே குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். அந்தக் குறிப்பேடு தலைமையாசிரியரின் அலமாரிக்குள் முடங்காமல், குழுவின் ஆசிரியர்களில் இருவரின் பொறுப்பில் இருக்கட்டும். பொது மாறுதல் கலந்தாய்வில் அவர்களில் ஒருவர் வேறு ஊருக்குச் சென்றாலும், எஞ்சியிருப்பவர் புதிதாக வருபவரை அடுத்த மாதக் கூட்டத்துக்கு அழைத்துச் செல்ல முடியும்.