குட்டியோடு மீட்ட குதிரையை இன்னொருவரிடம் ஒப்படைக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் அடிக்கடி போகிறவர்களுக்கு இது புதிதாக இருக்காது. சீசனில் ஆட்களைச் சுமந்து நடந்த குதிரைகள், கூட்டம் குறைந்ததும் அவிழ்த்துவிடப்பட்டு மார்க்கெட் ஓரம் குப்பையைக் கிளறிக்கொண்டு நிற்கும். அதில் ஒன்று சினையாக இருந்து ரோட்டோரத்திலேயே குட்டி போட, நாலு பேர் சேர்ந்து இரண்டையும் கொண்டுவந்து ஒரு கொட்டகையில் சேர்க்கிறார்கள். அதுவரை நல்ல காரியம்தான். வினை ஆரம்பிப்பது அதற்கப்புறம், "வளர்க்க விருப்பம் உள்ளவர்கள் அழைக்கவும்" என்று குட்டியின் படத்தை மட்டும் போட்டு எல்லோருக்கும் அனுப்பும்போது.

அந்தப் படத்தைப் பார்த்து அழைப்பவர்கள் எல்லோரும் குட்டிக்காகத்தான் அழைப்பார்கள். ஆணா பெண்ணா, என்ன நிறம், ராசி பார்க்கிற முடிச்சுழி சுத்தமா என்று கேட்பார்கள். தாய்க்கு என்ன வயது, பல் எப்படி இருக்கிறது, என்ன தின்கிறது என்று கேட்பவர் பத்தில் ஒருவர் வந்தால் அதிகம். அந்த ஒருவருக்காகக் காத்திருங்கள். குட்டிக்கு ஆசைப்பட்டு வாங்கியவர் வீட்டில், ஆறேழு மாதத்தில் குட்டி பால் மறந்ததும் தாய் வெறும் தீனிச் செலவாகிவிடுகிறது, திரும்பவும் ரோட்டுக்கு வருகிறது. சுழி பார்ப்பவரிடம் வாதாடி ஜெயித்துக் குதிரையைக் கையில் கொடுப்பதும் வேண்டாம். நாளைக்கு அந்த வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தாலும் பழி அந்த வாயில்லா ஜீவன் மேல்தான் விழும்.

கொடுப்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். போலீஸ் வழக்குப் போட்டுப் பறிமுதல் செய்த குதிரை என்றால் அது வழக்குச் சொத்து, நீதிமன்றம் சொல்லாமல் கைமாற்ற முடியாது. ரோட்டில் திரிந்தது என்றாலும் உள்ளாட்சி அலுவலகத்திலோ காவல் நிலையத்திலோ எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து, குதிரை தேறி மினுமினுப்பாக நிற்கும்போது "இது என்னுடையது" என்று ஒருவர் வருவார்.

அடுத்து ரத்தப் பரிசோதனை. கிளாண்டர்ஸ் என்ற நோய் குதிரையிடமிருந்து மனிதருக்கும் தொற்றும், உயிரையும் எடுக்கும். நம் நாட்டில் அதை உறுதிசெய்யும் ஆய்வகம் ஹரியானாவில் ஹிசாரில் இருக்கிற தேசிய குதிரைகள் ஆராய்ச்சி மையம். அரசு கால்நடை மருத்துவர் மூலம் மாதிரி அனுப்பி, முடிவு வரும்வரை இரண்டையும் மற்றக் குதிரைகளோடு சேர்க்காமல் வைத்திருங்கள். நாள் ஆகும், செலவும் ஆகும். ஆனால் ஏற்கெனவே நாலு குதிரை நிற்கிற ஒருவரின் லாயத்துக்கு நோயை அனுப்பி வைத்தோம் என்ற நிலை வரவே கூடாது. அதே சமயத்தில் சினைப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். குட்டி போட்ட பத்து நாளுக்குள்ளேயே குதிரை மறுபடி பருவத்துக்கு வந்துவிடும், ரோட்டில் ஆண் குதிரைகளோடு திரிந்திருந்தால் வயிற்றில் இன்னொன்று இருக்க வாய்ப்பு உண்டு. தாயும் குட்டியும் என்று வாங்கிப் போனவர் பதினோரு மாதத்தில் மூன்றைக் கட்டி மேய்க்கத் தயாரா என்று கேட்க வேண்டாமா?

தீனி விஷயத்தில்தான் அன்பாலேயே நிறையத் தவறு நடக்கிறது. எலும்பும் தோலுமாக வந்த குதிரைக்கு முதல் நாளே வாளி நிறையக் கொள்ளும் தவிடும் வைத்தால், பட்டினி கிடந்த உடம்பில் ரத்தத்தின் பாஸ்பரஸும் மக்னீசியமும் சட்டென்று இறங்கி, தேறி வருகிறது என்று நாம் நினைக்கிற நேரத்தில் விழுந்துவிடும். முதல் பத்து நாளைக்குக் குதிரைமசால் மாதிரி உலர்ந்த தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவை பிரித்துக் கொடுப்பதுதான் சரி. அடுத்த தவறு தவிட்டில். வீட்டில் மாடு வளர்த்த பழக்கத்தில் கோ-4 என்கிற தீவனப் புல்லும் தவிடுமாகவே போட்டுக்கொண்டிருப்பார்கள், குதிரையும் ஆசையாகத் தின்னும். தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், அந்தப் புல்லில் உள்ள ஆக்சலேட் என்ற பொருளோ இருக்கிற கால்சியத்தையும், அதாவது சுண்ணாம்புச் சத்தையும், உடம்பில் சேரவிடாது. பால் கொடுக்கிற தாய் தன் எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்தை எடுத்துத்தான் குட்டிக்குக் கொடுக்க வேண்டிவரும், நாளடைவில் முக எலும்பு வீங்கி நடையும் நொண்டும். முந்நூறு கிலோ எடையுள்ள குதிரை முதல் இரண்டு மூன்று மாதம் நாளைக்கு ஒன்பது பத்து லிட்டர் பால் சுரக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். தண்ணீர்த் தொட்டி எந்நேரமும் நிறைந்திருக்க வேண்டும். கோழித் தீவனம் இருக்கிற மூட்டைப் பக்கம் போகவே விடாதீர்கள், அதில் கலக்கிற மோனென்சின் போன்ற மருந்து கோழிக்கு நல்லது, குதிரையின் இதயத்தைக் கொன்றுவிடும். மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த கடலைக்கொடியும் அப்படித்தான், வீணாகிறதே என்று குதிரைக்குப் போட்டுவிடக் கூடாது.

புது வீட்டுக்கு அனுப்பும்போது பழைய தீவனத்தில் பத்து நாளைக்கு ஆவதைக் கூடவே ஏற்றிவிட்டு, புதியதை அதோடு கலந்து கலந்து மாற்றச் சொல்லுங்கள்.

வண்டி ஏற்றுவதில் நானே ஒரு தடவை பெரிய தவறு செய்தேன். தாயை முதலில் ஏற்றிக் கட்டிவிட்டுக் குட்டியை அப்புறம் தூக்கலாம் என்று நினைத்தோம். குட்டி கீழே நின்று கனைத்ததும் தாய் கட்டோடு திரும்பப் பார்த்து, தகரத்தில் உரசிப் பின்னங்கால் கிழிந்தது. இப்போதெல்லாம் ஒரு ஆள் குட்டியின் நெஞ்சுக்குக் கீழே ஒரு கையும் பின்புறம் ஒரு கையும் கொடுத்து அணைத்தபடி, தாயின் மூக்குக்கு நேர் முன்னால் மெதுவாக ஏறுவார். குட்டியின் வாசனையைப் பிடித்துக்கொண்டு தாய் தானாக வரும். குட்டியின் கழுத்தில் கயிறு போட்டு இழுக்கவே கூடாது, எகிறிப் பின்னால் விழுந்து மண்டை அடிபடும். வண்டிக்குள் தாயைக் கட்டலாம், குட்டியைக் கட்ட வேண்டாம். பயணத்துக்குத் தகுதி என்று மருத்துவர் சான்றிதழ் கையில் இருக்கட்டும், விலங்குகளை வண்டியில் கொண்டுபோவதற்கான 1978 விதிகளின்படி அது வேண்டும். ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிழலில் நிறுத்துங்கள், ஓடுகிற வண்டியில் குட்டியால் நிதானமாகப் பால் குடிக்க முடியாது. குட்டிக்கு ஒரு மாதமாவது ஆகாமல் தூரப் பயணம் வேண்டாம் என்பது என் கருத்து.

போகிற இடத்தில் முள்கம்பி வேலி இருந்தால் அந்த இடமே வேண்டாம். குட்டி வேலியோரம் படுத்து உருண்டு எழுந்திருக்கும்போது கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கும், தாய் இந்தப் பக்கம் நின்று கம்பியில் மோதும். ஆண் குட்டி என்றால் ஒரு வயதை நெருங்கும்போதே தாயிடமிருந்து பிரிக்க வேண்டும், காயடிக்கவும் வேண்டும். இதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வண்டிக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் அனுப்ப மாட்டேன், விற்க மாட்டேன், முடியாவிட்டால் உங்களிடமே திருப்பித் தருவேன் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

ஒப்படைத்த மூன்றாம் நாள் நேரில் போய்ப் பாருங்கள், போனில் கேட்டால் எல்லோரும் "நல்லா இருக்கு" என்றுதான் சொல்வார்கள். நான் போனதும் பார்ப்பது குட்டியின் நெற்றியை. மடிக்குக் கீழே முட்டிக்கொண்டு நிற்கும், பார்ப்பவர்களுக்குக் குடிக்கிற மாதிரியே இருக்கும். ஆனால் நெற்றியிலும் மூக்குத்தண்டிலும் பால் வடிந்து காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தால், அது குடிக்கவில்லை, நிறைந்த மடியிலிருந்து பால் அதன் தலையில் சொட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கே, சாயங்காலம் வரை காத்திருக்காமல், மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.