சம்மர் லீவுக்கு புக் வாங்குறீங்களா? 11-14 வயசு பிள்ளைங்க விஷயத்துல இந்த தப்பெல்லாம் வேணாம்

லீவு விடுறதுக்கு ஒரு வாரம் முன்னாடிதான் நிறைய பேருக்கு திடீர்னு ஞாபகம் வரும், பையன் எந்நேரமும் ஃபோனும் கையுமா இருக்கான், லீவு பூரா இப்படியே விட்டா அவ்ளோதான், நாலு நல்ல புக்கா வாங்கிப் போடுவோம்னு. நினைப்பு நல்லதுதான். ஆனா அந்த அவசரத்துல வாங்குற புக்ல பாதி, லீவு முடியறப்பவும் அட்டை கசங்காம அப்படியே ஷெல்ஃப்ல இருக்கும், உடனே "இவனுக்கு படிக்கிற பழக்கமே இல்ல"னு ஒரு தீர்ப்பு வேற சொல்லிடுவோம். பல நேரம் பிரச்சினை பிள்ளைகிட்ட இல்லைங்க, வாங்கினவங்ககிட்டதான்.

இருக்கிறதுலயே பெரிய தப்பு இதுதான்: வீட்ல உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு வாங்காம, நம்ம மனசுல ஒரு பிள்ளை இருக்கே, அதுக்கு வாங்குறது. பொண்ணு நாள் முழுக்க பேய்க்கதை வீடியோ பார்க்குது, நாம கொண்டு வந்து கொடுக்கிறது விஞ்ஞானிகள் வரலாறு. பையனுக்கு கிரிக்கெட்ட விட்டா வேற உலகமே கிடையாது, அவன் கையில "வெற்றிக்கு வழி" டைப்ல ஒரு சுயமுன்னேற்ற புக்கு. 13 வயசுல ஒருத்தன்கிட்ட சுயமுன்னேற்ற புக்க நீட்டினா, "நீ இப்ப இருக்கிறது பத்தாது"னு கிஃப்ட் பேப்பர் சுத்தி சொல்ற மாதிரி இருக்கு, இந்த வயசுல அது டக்குனு புரிஞ்சிடும்.

சரி, அவங்ககிட்டயே கேட்கலாம்னா "என்ன புக் வேணும்?"னு கேட்டதும் "தெரியல"னுதான் பதில் வரும். அதுக்காக "அப்ப நானே வாங்கறேன்"னு கிளம்பிடாதீங்க. கேள்விய மாத்துங்க. கடைசியா எந்தப் படத்த ரெண்டாவது தடவை பார்த்தான், எந்த கேம்ல வர்ற கதைய மூச்சு விடாம சொல்றான், எதுக்கு சிரிக்கிறான், இதெல்லாம் கவனிச்சாலே பாதி வேலை முடிஞ்சுது. அப்புறம் லைப்ரரிக்கோ கடைக்கோ கூட்டிட்டுப் போய் ஒரு மணி நேரம் அவன் பாட்டுக்கு சுத்த விடுங்க, பின்னாடியே நின்னு "அது வேணாம், இது எடு"னு சொல்லாதீங்க. இது சும்மா செல்லம் கொடுக்கிற பேச்சு இல்ல. அமெரிக்காவுல ஃப்ளோரிடாவுல ரிச்சர்ட் ஆலிங்டன், ஆன் மெக்கில்-ஃப்ரான்சன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள், ஏழைக் குடும்பத்து பிள்ளைங்களுக்கு ஒவ்வொரு சம்மருக்கும் 12 புக்னு தொடர்ந்து 3 வருஷம் கொடுத்து பார்த்தாங்க, 2010ல ரிசல்ட்ட வெளியிட்டாங்க. புக் கிடைக்காத பிள்ளைங்கள விட இவங்களோட வாசிப்பு ஸ்கோர் நல்லா இருந்துச்சு. இதுல முக்கியமான விஷயம், அந்த 12 புக்கையும் பிள்ளைங்களே தேர்ந்தெடுத்தாங்க. அவங்க ஆரம்பப்பள்ளி பிள்ளைங்கதான், ஆனா "நானே எடுத்துக்கறேன்"ங்கற பிடிவாதம் வயசு கூடக்கூட ஏறுமே தவிர குறையாது.

அடுத்தது லெவல் நம்பர். இங்கிலீஷ் புக் வாங்குறவங்க நிறைய பேர் லெக்ஸைல் மாதிரி, புக்கு படிக்க எவ்ளோ கஷ்டம்னு நம்பரா சொல்ற ஒரு ஸ்கோர பார்த்துட்டு முடிவு பண்றாங்க. அந்த ஸ்கோர் எதைப் பார்த்து வருது? வாக்கியம் எவ்ளோ நீளம், வார்த்தைகள் எவ்ளோ புழக்கத்துல இருக்கு, முக்கியமா இந்த ரெண்டுதான். கதை எதைப் பத்தினது, எந்த மனசுக்கு தாங்கும்ங்கறது அதுக்கு தெரியாது. இதுக்கு ரொம்ப பிரபலமான உதாரணம் ஒண்ணு உண்டு, ஜான் ஸ்டைன்பெக் 1939ல எழுதின "தி கிரேப்ஸ் ஆஃப் ராத்", பஞ்சம், பசி, சாவுனு பெரியவங்களையே ஆட்டி வைக்கிற நாவல், அதோட லெக்ஸைல் 680. அந்தக் கணக்குப்படி பார்த்தா அது ரெண்டாம் மூணாம் கிளாஸ் புக்கு! அதனால நம்பர ஒரு ஓரமா வெச்சுக்குங்க. அத விட லைப்ரரி ஆளுங்க காலங்காலமா சொல்ற அஞ்சு விரல் டெஸ்ட் எவ்வளவோ மேல், நடுவுல ஏதோ ஒரு பக்கத்த திறந்து படிக்க சொல்லுங்க, தெரியாத வார்த்தை வர்றப்பலாம் ஒரு விரல மடக்கணும், பக்கம் முடியறதுக்குள்ள அஞ்சும் மடங்கிட்டா இப்போதைக்கு அது கஷ்டமான புக்குன்னு அர்த்தம். ஆனா ஒண்ணு, ஒரு விஷயத்து மேல பைத்தியமா இருக்கிற பிள்ளை, டைனோசரோ ராக்கெட்டோ, அஞ்சு விரலும் மடங்கினா கூட விடாம படிக்கும். அப்ப டெஸ்ட்ட தூக்கிப் போட்டுடலாம்.

அட்டையில போட்டிருக்கிற வயசும் குழப்பும். பதிப்பகங்கள் பொதுவா 8-12 வயசுக்கு மிடில் கிரேட், 12க்கு மேல யங் அடல்ட்னு பிரிச்சு வெச்சிருக்காங்க, நம்ம பிள்ளை சரியா இந்த கோட்டு மேலதான் நிக்குது. யங் அடல்ட்னா 12 வயசுக்காரனுக்கும் ஓகே, 18க்கும் ஓகே, ஆனா 12க்கும் 18க்கும் நடுவுல எவ்ளோ பெரிய தூரம்னு யோசிச்சு பாருங்க. சிலது ஸ்கூல் ஃப்ரெண்ட்ஷிப் கதையா இருக்கும், சிலதுல தற்கொலை, வன்முறைனு கனமா போகும். நான் பார்க்கிற ஒரு சின்ன அடையாளம் இருக்கு, கதையில வர்ற ஹீரோவுக்கோ ஹீரோயினுக்கோ என்ன வயசுன்னு. இந்த வயசு பிள்ளைங்களுக்கு தங்களை விட ஒண்ணு ரெண்டு வயசு பெரியவங்கள பத்தி படிக்கத்தான் ஆசை, 13 வயசுக்காரன் கையில 10 வயசு ஹீரோ கதைய கொடுத்தா "சின்ன பசங்க புக்கு"னு தள்ளிடுவான். அதே நேரம் ஹீரோவுக்கு 17னா நீங்க ஒரு தடவை புரட்டிப் பாருங்க. ஸ்டார் ரேட்டிங்க பார்த்து மட்டும் வாங்காதீங்க, யங் அடல்ட் புக்குக்கு ரிவ்யூ எழுதறவங்கள்ல பெரியவங்க ஏராளம், அவங்களுக்கு பிடிச்சது உங்க பிள்ளைக்கும் பிடிக்கணும்னு இல்ல.

புரட்டிப் பார்க்க சொன்னேன்ல, அதுக்காக கஷ்டமான விஷயம் வந்தாலே புக்க மறைச்சு வைக்கணும்னு இல்ல. சாவு, பிரிவு, கேலி, உடம்பு மாறுறது, இதெல்லாம் அவங்க வாழ்க்கையிலயே நடந்துட்டு இருக்கு. நீங்களும் அதே புக்க படிச்சிட்டு சாதாரணமா ரெண்டு வார்த்தை பேசினா போதும்.

காமிக்ஸ் படிச்சா அது படிப்பே இல்லன்னு நினைக்கிறவங்களுக்கு ஒரே ஒரு தகவல். அமெரிக்காவுல குழந்தை இலக்கியத்துக்கு கொடுக்கிற நியூபெரி மெடல், 1922ல இருந்து இருக்கிற விருது, 2020ல முதல் தடவையா ஒரு கிராஃபிக் நாவலுக்கு, அதாவது காமிக்ஸ் மாதிரி படமும் வசனமுமா போற நாவலுக்கு போச்சு. படம் பார்த்து, வசனம் படிச்சு, ரெண்டு கட்டத்துக்கு நடுவுல என்ன நடந்திருக்கும்னு தானா ஊகிச்சு போறதும் வாசிப்புதான். ஆடியோபுக்கும் அப்படித்தான், குறிப்பா படிக்கிறதுக்கு திணறுற பிள்ளைக்கு, காதுல கேட்டுக்கிட்டே புக்க கண்ணால பார்த்துட்டு வரட்டும்.

"நான் உன் வயசுல இதைத்தான் படிச்சேன்"ங்கறதும் ஒரு தப்பு. உங்களுக்கு உயிரான புக்கா இருக்கலாம், மறுக்கல. ஆனா அதை லிஸ்ட்டுல பத்தோட பதினொண்ணா வையுங்க, கட்டாயப்படுத்த வேணாம். கிளாசிக்க சுருக்கி சுருக்கி 60 பக்கத்துக்கு கொண்டு வந்த பதிப்பு வேற கிடைக்கும், இந்த வயசுக்கு அது எனக்கு சுத்தமா பிடிக்காது, கதை மட்டும் மிஞ்சி ருசி எல்லாம் போயிருக்கும், அப்புறம் ஒரிஜினல படிக்கவும் தோணாது.

மொழி விஷயத்துலயும் பார்க்கணும். ஸ்கூல் மொழி ஒண்ணு, வீட்டு மொழி இன்னொண்ணுனு இருக்கிற வீடுகள்ல லீவு புக்கையும் ஸ்கூல் மொழியிலயே வாங்கி "இங்கிலீஷ் இம்ப்ரூவ் ஆகும்"னு கணக்கு போடுவாங்க. அப்ப அது இன்னொரு ஹோம்வொர்க்தான். தமிழ் சரளமா பேசுற பிள்ளை கூட தமிழ் எழுத்த வேகமா படிக்க திணறலாம், அப்படி இருந்தா வயசுக்கு ஏத்த பெரிய நாவல்ல ஆரம்பிக்காம சின்ன சின்ன சிறுகதை, பேச்சு நடையில வசனம் நிறைய இருக்கிற புக்குனு ஆரம்பிங்க.

எத்தனை வாங்கறதுன்னு ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. இங்கிலீஷ்ல 50,000 வார்த்தை உள்ள ஒரு நாவல், நிமிஷத்துக்கு 150 வார்த்தை படிக்கிற பிள்ளைன்னு வெச்சுக்கிட்டா சுமார் அஞ்சரை மணி நேரம் ஆகும். தினமும் அரை மணி நேரம்னா 11 நாள். ஆக ஆறு வார லீவுல அந்த சைஸ்ல நாலு புக்கு முடிச்சாலே பெரிய விஷயம், நாம 20 புக்க அடுக்கி வெச்சா அதைப் பார்த்தாலே மலைப்பா இருக்கும். எட்டு பாக சீரிஸ மொத்த செட்டா வாங்கறதும் வேணாம், முதல் பாகம் மட்டும் வாங்குங்க, பிடிச்சா அவனே வந்து அடுத்தது கேட்பான்.

பரிசு கொடுக்கிறதையும் யோசிச்சு செய்யணும். ஒரு புக்குக்கு இவ்ளோ காசு, இவ்ளோ நேரம் ஃபோன்னு பேரம் பேசினா படிப்பே கூலி வேலை ஆயிடும். 1973ல மார்க் லெப்பர்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளரும் அவர் கூட இருந்தவங்களும், படம் வரைய ஆசைப்படுற நர்சரி பிள்ளைங்கள்ல ஒரு குரூப்புக்கு "வரைஞ்சா பரிசு"னு முன்னாடியே சொல்லி வரைய வெச்சாங்க. அப்புறமா பரிசுப் பேச்சே இல்லாம சும்மா விட்டப்ப, அந்த பிள்ளைங்க மத்தவங்க வரைஞ்சதுல பாதி நேரம்தான் வரைஞ்சாங்க. ஏற்கனவே ஆசையா படிக்கிற பிள்ளைகிட்ட இந்த பேரத்த ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீங்க. கூடவே "கதைச் சுருக்கம் எழுதி காட்டு", "என்ன கருத்து புரிஞ்சுது" இதுங்களும் வேணாமே, லீவுங்க அது.

ஆரம்பிச்ச புக்க முடிச்சே ஆகணும்ங்கற ரூலும் வேலைக்கு ஆகாது. ஃப்ரெஞ்சு எழுத்தாளர் டேனியல் பென்னாக் 1992ல வாசகனோட பத்து உரிமைகள்னு ஒரு பட்டியல் போட்டாரு, பக்கத்த தாண்டிப் போறது, பாதியில நிறுத்துறது, படிச்சதையே திரும்ப படிக்கிறது எல்லாம் அதுல இருக்கு. நாம பெரியவங்க எத்தனை புக்க பாதியில மூடி வெச்சிருக்கோம்! முப்பது பக்கம் பார்க்கட்டும், ஓடலன்னா வேற எடுக்கட்டும், அதனாலதான் முதல் ரவுண்டு முழுக்க லைப்ரரியில எடுக்கிறது உத்தமம், பிடிக்கலன்னா திருப்பி கொடுத்துட்டு வந்துடலாம், காசு கொடுத்தாச்சேன்னு நமக்கும் கோபம் வராது, அவன் ரெண்டாவது தடவை அதே புக்க எடுத்தான்னா அப்ப போய் விலைக்கு வாங்கிக்கலாம்.