இசைத்தட்டைத் தபாலில் அனுப்பப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

போன வருஷம் எனக்கு மதுரையிலிருந்து ஒரு எல்.பி., அதாவது லாங் பிளே இசைத்தட்டு, வந்தது. பெட்டியில் சின்ன நசுங்கல்கூட இல்லை. பிரவுன் டேப், அதற்குள் ஐந்து சுற்று பபிள் கவர் என்று அனுப்பியவர் பார்த்துப் பார்த்துத்தான் கட்டியிருந்தார். பிரித்தால், ஜாக்கெட்டின் (தட்டைப் போட்டு வைக்கும் வெளி அட்டை உறை) அடி விளிம்பு ஒரு சாண் நீளத்துக்கு வாய் பிளந்து கிடந்தது. கிழிசல் வழியாகக் கறுப்புத் தட்டின் ஓரம் வெளியே தெரிந்தது. தட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு வீட்டு அலமாரியில் நாற்பது வருஷம் பத்திரமாக இருந்த உறை மூன்று நாள் பயணத்தில் வீணாகிவிட்டது.

அந்த உறையைக் கிழித்தது வெளியிலிருந்து விழுந்த அடி இல்லை, உள்ளே இருந்த தட்டுதான். ரெக்கார்டு பார்சல் கட்டும் பலருக்கும் இது பிடிபடுவதில்லை. 12 அங்குலத் தட்டு ஒன்று 120 முதல் 140 கிராம் வரை இருக்கும். இப்போது வரும் கனமான பதிப்புகள் 180 கிராம். பார்சல் விளிம்பு தரையில் படும்படி விழுந்தால் பெட்டி சட்டென்று நின்றுவிடும், உள்ளே இருக்கும் தட்டு நிற்காது. அத்தனை எடையும் அந்த மெல்லிய ஓரத்தில் குவிந்து, வெறும் பசையில் ஒட்டி நிற்கும் காகித மடிப்பில் போய் இடிக்கும். இரண்டு மூன்று முறை இப்படி விழுந்தால் போதும், மடிப்பு பிரிந்துவிடும். மேலே எத்தனை சுற்று பபிள் கவர் போட்டாலும் இதைத் தடுக்க முடியாது.

ஆகவே தட்டை ஜாக்கெட்டுக்குள்ளேயே வைத்து அனுப்புவதுதான் முதல் தவறு. உள்ளுறையோடு தட்டை வெளியே எடுங்கள். ஜாக்கெட்டுக்குப் பின்னால் அதை ஒட்டினாற்போல வைத்து, இரண்டையும் சேர்த்து ஒரே பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். புத்தகம் போல விரியும் இரட்டை ஆல்பம் என்றால் இரண்டு தட்டுகளையும் வெளியே எடுக்க வேண்டும். ஒன்றை மறந்துவிட்டால் அந்தப் பக்கம் கிழியும்.

அடுத்தது, பெட்டிக்குள் ஆட்டம். கடையில் கிடைத்த பெரிய பெட்டியில் ரெக்கார்டை வைத்து, மீதி இடத்தில் செய்தித்தாளைச் சுருட்டித் திணிப்பார்கள். செய்தித்தாள் அமுங்கும் பொருள். இரண்டு நாளில் தளர்ந்துவிடும், அப்புறம் ரெக்கார்டு உள்ளே உருள ஆரம்பிக்கும். மூலைகள் மழுங்குவது இப்படித்தான். தெர்மாகோலை நறுக்கிப் போடுவதும் வேண்டாம். உதிரும் மணிகள் நிலைமின்சாரத்தால் தட்டில் ஒட்டிக்கொண்டு போகவே போகாது.

எல்.பி. ஜாக்கெட்டின் பக்கம் சுமார் 31.5 சென்டிமீட்டர். அதைவிட ஒவ்வொரு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக இரண்டு அட்டைகள் வெட்டிக்கொள்ளுங்கள். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கேட்டால் டி.வி., ஃபிரிட்ஜ் வந்த பெட்டி கிடைக்கும், அந்த அட்டை அருமையாக இருக்கும். இங்கே கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. அட்டையின் வெட்டிய ஓரத்தைப் பாருங்கள், உள்ளே அலை அலையாக வரிகள் ஓடும். அந்த வரி ஓடும் திசையில் அட்டை சுலபமாக மடங்கும். இரண்டு அட்டையும் ஒரே திசையில் இருந்தால் மொத்தப் பார்சலும் அதே கோட்டில் மடங்கிவிடும். ஒன்றில் வரி நெடுக்காகவும் மற்றதில் குறுக்காகவும் வருமாறு வைத்தால் எந்தப் பக்கமும் மடங்காது. நடுவில் ரெக்கார்டை வைத்து, அட்டைகளை மட்டும் டேப்பால் பிணையுங்கள். டேப் ஜாக்கெட்டைத் தொடவே கூடாது. ஒட்டிய டேப்பை உரிக்கும்போது அச்சுப்படமும் கூடவே வந்துவிடும்.

கட்டி முடித்ததும் பெட்டியைக் காதோரம் வைத்து லேசாகக் குலுக்குங்கள். உள்ளே எதுவும் நகரும் சத்தம் வரக்கூடாது. அதற்காகப் பெட்டி புடைக்கும்வரை திணிக்கவும் கூடாது. இறுக்கம் அதிகமானால் வெளியே விழும் அடி நேராக உள்ளே போய்விடும்.

பபிள் கவர் நல்ல பொருள்தான், ஆனால் அட்டைக்கு வெளியே. வெறும் தட்டின் மேல் நேராகச் சுற்றினால் வெயில் சூட்டில் குமிழிகளின் தடம் தட்டில் பதிந்துவிடும். தடித்த பி.வி.சி. உறைகளும் அப்படித்தான். சூட்டில் அவற்றிலிருந்து கசியும் பொருள் தட்டில் பனி போலப் படியும், கழுவினாலும் போகாது. சாதாரண பாலித்தீன் உறையே பாதுகாப்பு.

சூடு என்றதும் நம் ஊர் மே மாதம்தான் நினைவுக்கு வருகிறது. 60 டிகிரியை நெருங்கும்போதே வினைல், அதாவது எல்.பி. செய்யப்படும் பிளாஸ்டிக், இளக ஆரம்பித்துவிடும். 40 டிகிரி வெயிலில் மூடி நிற்கும் வண்டிக்குள் அந்தச் சூடு சர்வ சாதாரணம். பெட்டியால் இதைத் தடுக்க முடியாது, தேதியைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கத்திரி வெயில் முடியும்வரை பொறுக்கச் சொன்னால் வாங்குபவர் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார். முடியாவிட்டால் திங்கட்கிழமை போடுங்கள். வெள்ளிக்கிழமை போட்டால் ஞாயிறு முழுக்க எங்கோ ஒரு கொட்டகையில் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு, பெட்டிக்குள்ளே முழுதாக ஒரு பிளாஸ்டிக் சுற்று போதும்.

இதுவரை சொன்னதெல்லாம் வினைலுக்கு. நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய 78 சுற்றுத் தட்டு வேறு ஜாதி. நம் நாட்டில் 1960களில்கூட அவை வெளிவந்தன. தாத்தா வீட்டுப் பரணில் கிடைக்கும் நாய் மார்க் (எச்.எம்.வி.) பிளேட்டுகளில் பல இந்த வகைதான். அவை அரக்கால் ஆனவை. அரக்குப் பூச்சி தரும் அதே அரக்குதான், தபாலில் முத்திரை வைக்க உருக்குவார்களே, அந்த அரக்கின் உறவு. கூடவே கல்லைப் பொடித்த மாவும் ஏராளமாகக் கலந்திருக்கும். கையில் எடுத்தாலே கனம் தெரியும்: 10 அங்குலத் தட்டே ஏறக்குறைய 200 கிராம். வினைல் வளையும், இது வளையாது. கீழே விழுந்தால் அப்பளம் மாதிரி உடையும். ஓரத்தில் பட்ட சின்ன அடிகூட நடுவரை விரிசல் விட்டுவிடும்.

இதை எல்.பி. மாதிரியே கட்டி அனுப்புவதுதான் மனசு தாங்காத தவறு. பெரும்பாலான எல்.பி.யை வேறு பதிப்பில் தேடிப் பிடிக்கலாம். சில 78 தட்டுகளில் இருக்கும் குரல் வேறெங்கும் பதிவாகியிருக்காது. அது உடைந்தால் அந்தப் பாட்டும் போயிற்று. ஆகவே ஒவ்வொரு தட்டும் தனித்தனிக் காகித உறையில், இரண்டு தட்டுக்கு நடுவே ஒரு அட்டை. தட்டின் ஓரம் அட்டையின் விளிம்புவரை வரக்கூடாது, நாலு பக்கமும் இரண்டு விரற்கடை உள்ளே இருக்க வேண்டும். அந்தக் கட்டை ஒரு சிறு பெட்டியில் வையுங்கள். அந்தப் பெட்டியை இன்னொரு பெரிய பெட்டியில் வைத்து, நடுவில் ஆறு பக்கமும் இரண்டு அங்குல இடைவெளி விட்டு பபிள் கவரால் நிரப்புங்கள். ஒரு பெட்டியில் ஐந்து தட்டுக்கு மேல் நான் வைப்பதில்லை, எடை கூடக்கூட விழும் வேகத்தில் தட்டுகளே ஒன்றையொன்று உடைத்துவிடும். அனுப்பும் முன் சுத்தம் செய்கிறேன் என்று ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிடாதீர்கள். அரக்கு அதில் கரையும்.

‘உடையும் பொருள்’ என்று சிவப்பு மையில் எழுதுவதில் தப்பில்லை, எழுதுங்கள். அதை நம்பி ஒரு அட்டையைக் குறைத்துவிடாதீர்கள். மூட்டைக்குள் பத்துப் பார்சலுக்கு அடியில் கிடக்கும்போது அதை யாரும் படிக்கப்போவதில்லை. விலை உயர்ந்தது என்றால் இன்ஷூரன்ஸ் போடுங்கள், மூடும் முன் தட்டு, ஜாக்கெட், கட்டிய விதம் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். வெளியே ஒட்டிய முகவரி நனைந்து போகலாம், உள்ளேயும் ஒன்று எழுதிப் போடுங்கள்.

அதோடு இன்னொரு துண்டுச் சீட்டும் வைப்பது என் வழக்கம். பெட்டியைத் திறந்ததும் கண்ணில் படும் இடத்தில் இருக்கும்: “கட்டரை ஆழமாக விடாதீர்கள். தட்டு ஜாக்கெட்டுக்குள் இல்லை, பின்னால் தனியாக இருக்கிறது.”