பாடசாலைச் சுவரில் பூஞ்சணம்: பெயின்ட் வாளியைத் திறக்குமுன்

போன டிசெம்பரில் திருகோணமலையில் ஒரு பாடசாலைக்குப் போயிருந்தேன். வெளியே தூறல். உள்ளே பெற்றோர் நாலைந்து பேரும் இரண்டு இளம் ஆசிரியர்களும் சுவரில் படர்ந்திருந்த கறுப்பைச் சீலையால் துடைத்துவிட்டு, அதன் மேலேயே ரோலரை உருட்டிக்கொண்டிருந்தார்கள். "ஜனவரியில பிள்ளைகள் வரேக்க பளிச்செண்டு இருக்கவேணும் அண்ணா" என்றார் ஒருவர். இருபது வருடத்துக்கு மேலாகப் பாடசாலைக் கட்டடங்களைத் திருத்தும் வேலையில் இருக்கிறேன். தொடக்கத்தில் நானும் இதையேதான் செய்தேன். அதனால்தான் எழுதுகிறேன். யன்னலைத் திறந்து வை, தூசு தட்டு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிட்டு, அடிக்கடி நடக்கும் பிழைகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஈரச் சுவருக்கு மேல் பெயின்ட் அடிப்பது

எங்கள் பக்கம் வருட மழையில் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில்தான் கொட்டும். வகுப்பறை காலியாகக் கிடைக்கிற விடுமுறையும் டிசெம்பரில் வருகிறது. ஆக, வேலை செய்ய வசதியான மாதத்தில்தான் சுவர் ஊறிக் கிடக்கிறது. பூட்டிய அறை, காற்றோட்டம் இல்லை. நனைந்த பொருளில் பூஞ்சணம் பிடிக்க 24 முதல் 48 மணித்தியாலம் போதும்.

பல வருடங்களுக்கு முன் ஒரு ஆரம்பப் பாடசாலையில் தரம் 3 வகுப்பறை. ஒரு பக்கச் சுவர் அடியிலிருந்து மூன்றடி உயரத்துக்குக் கறுத்திருந்தது. வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் பணம் அனுப்பியிருந்தார்கள். நான் சுரண்டி, புட்டி வைத்து, தண்ணீர் புகாது என்று விற்ற விலை கூடிய பெயின்டில் இரண்டு கோட் அடித்துக் கொடுத்தேன். எல்லோருக்கும் சந்தோஷம்.

மாசி முடியுமுன்னே பெயின்ட் கொப்பளித்தது. கொப்பளத்தை விரலால் அமுக்கினால் தண்ணீர் வந்தது. உரிந்த இடமெல்லாம் முன்பைவிடக் கறுப்பு. அந்தச் சுவரோரம் இருந்த ஒரு சிறுமிக்குத் தொய்வு, அதாவது ஆஸ்துமா. "இந்த வகுப்புக்கு வந்த பிறகுதான் தம்பி இவளுக்கு இரவில கூடுது" என்று அவளுடைய அம்மா என்னிடம் சொன்னார். அந்த ஒரு பிள்ளைக்கு இதுதான் காரணம் என்று என்னால் அறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஈரமும் பூஞ்சணமும் உள்ள கட்டடங்களில் இருப்பவர்களுக்கு இருமல், இழுப்பு, ஆஸ்துமா கூடுதலாக வருவதை உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது. அந்த அம்மாவுக்கு அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை.

பிறகுதான் கட்டடத்தின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். சுவரை ஒட்டிப் பூப்பாத்தி. வருடாவருடம் மண் போட்டுப் போட்டு, வகுப்பறைத் தரையைவிட ஓரடி உயர்ந்திருந்தது. கூரைப் பீலியின் குழாய் உடைந்து, தண்ணீர் முழுவதும் அந்தப் பாத்திக்குள்ளேயே இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் மண்வெட்டியோடு ஒரு நாள் வேலை செய்திருந்தால் பாத்தி போயிருக்கும். ஒரு குழாயின் விலை எவ்வளவு? நான் கரைத்தது ஊரை விட்டுப் போனவர்கள் உழைத்து அனுப்பிய காசு. இதை எழுதும்போதும் எரிச்சல் வருகிறது.

அப்புறம் மண்ணை அகற்றினோம், குழாயை மாற்றி வடிகால் கட்டினோம். ஊறிய பூச்சை உடைத்து, கச்சான் காற்று வீசும் மாதங்கள் முழுவதும் சுவரைத் திறந்தபடி காயவிட்டோம். ஓகஸ்ட் விடுமுறையில்தான் பெயின்ட் அடித்தோம். அது நின்றது.

சுவர் காய்ந்துவிட்டதா என்று தெரியாவிட்டால் ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீனை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். பொலித்தீனின் உட்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அறைக் காற்றில் இருக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

உப்பைப் பூஞ்சணம் என்று நினைப்பது

கடலோரக் கட்டடங்களில் வெள்ளைத் தூளாய்ப் பூப்பது பெரும்பாலும் உப்பு. ஒரு துளி தண்ணீர் விடுங்கள், கரைந்தால் உப்பு. அது பூஞ்சணம் இல்லை என்று நிம்மதியடைந்துவிட வேண்டாம். தண்ணீர் சுவருக்குள் நடமாடுவதால்தான் உப்பு வெளியே வருகிறது.

எல்லாவற்றுக்கும் புளீச்

ஊறிய சீலிங் பலகையும் அறிவித்தல் பலகையும் புளீச்சுக்குத் திருந்தாது. பூஞ்சணம் உள்ளே ஊடுருவியிருக்கும். கழற்றி எறியுங்கள். சீமெந்துத் தரை, ஓடு போன்றவற்றைச் சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்து உலரவிட்டாலே போதும். புளீச்சைக் கழிப்பறை கழுவும் அமிலத்தோடு சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

அஸ்பெஸ்டஸ் கூரைப் பாசியைக் கம்பித் தூரிகையால் சுரண்டுவது

ஒருபோதும் வேண்டாம். நார் காற்றில் கலந்து நுரையீரலுக்குள் போகும்.

காற்றுப் பரிசோதனைக்குக் காசு செலவழிப்பது

இந்த அளவு பூஞ்சணம் வரை பாதுகாப்பு என்று உலக சுகாதார நிறுவனமே எல்லை வகுக்கவில்லை. கண்ணுக்குத் தெரிகிறது, மூக்குக்கு மணக்கிறது, சரி, அது போதும். அந்தக் காசில் பீலி வாங்குங்கள்.

சிரமதானத்துக்குப் பிள்ளைகளைக் கூப்பிடுவது

காய்ந்த பூஞ்சணத்தைச் சுரண்டும்போதுதான் அதன் வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். முதலில் நனையுங்கள், பெரியவர்கள் என்95 முகக்கவசம் போட்டுச் செய்யுங்கள். தொய்வு உள்ள பிள்ளை அந்தப் பக்கமே வரக்கூடாது.

அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைப்பது

நாலு விரல் இடைவெளி விடுங்கள். நூலக அறையில் கட்டாயம். பின்வரிசைப் புத்தகங்கள்தான் முதலில் ஊறும், அவற்றை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை.