ஊழ் என்ற சொல்லை எப்படியெல்லாம் தவறாகப் புரிந்துகொள்கிறோம்

இழப்பு வந்தால் ‘எல்லாம் ஊழ்’ என்று பெருமூச்சு விடுகிறோம். தேர்வில் முதலிடம் பெற்றவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. முதல் தவறு இதுதான். ஊழ் என்பது கெட்ட காலத்தின் பெயர் அன்று. திருக்குறளின் 38-ஆம் அதிகாரம் முதல் குறளிலேயே அதை இரண்டாகப் பிரிக்கிறது: பொருள் சேரச் செய்வது ஆகூழ், கைப்பொருளைப் போக்குவது போகூழ். முன்னது வந்தால் ஊக்கம் தோன்றும். பின்னது வந்தால் சோம்பல் தோன்றும். நல்லது வரும்போது நல்லதென்று ஏற்றுக்கொண்டவர் மற்றது வரும்போது மட்டும் ஏன் அல்லற்பட வேண்டும் என்று 379-ஆம் குறள் நம்மைத்தான் கேட்கிறது.

எழுத்துப் பிழையும் உண்டு. ஆகு + ஊழ் என்பதால் ‘ஆகூழ்’ என்று நெடிலாகவே எழுத வேண்டும், ‘ஆகுழ்’ பிழை.

ஊழ் என்றால் விதி, அவ்வளவுதான் என்று முடித்துவிடுவது அடுத்தது. திருக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் ஊழ், பால், முறை, உண்மை, தெய்வம், நியதி, விதி எல்லாவற்றையும் ஒருபொருட் சொற்களாகவே வைக்கிறார். ஆகவே இதை முழுப் பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனால் விதி வடசொல். விதி என்றதும் விதித்தவன் ஒருவன் மனத்தில் வந்து நிற்கிறான். வள்ளுவரும் ‘வகுத்தான்’ என்று ஓரிடத்தில் சொல்கிறார், உண்மைதான். நான் பேசுவது ஊழ் என்ற சொல்லின் வேரை. ஊழ்த்தல் என்றால் மலர்தல், முதிர்தல். ‘இணர்ஊழ்த்தும் நாறா மலர்’ என்ற 650-ஆம் குறளில், கொத்தாக மலர்ந்தும் மணக்காத பூ வருகிறதே, அந்த ஊழ்த்தல்தான். மலர்ந்தது முதிரும், முதிர்ந்தது உதிரும். எவ்வளவு அழகான வேர்! ஊழுக்கு முறை என்ற பொருளும் உண்டு. ஆற்று நீரின் வழியே போகும் புணைபோல் (தெப்பம்போல்) உயிர் ‘முறைவழிப் படூஉம்’ என்று புறநானூற்றின் 192-ஆம் பாட்டில் கணியன் பூங்குன்றனார் பாடுவது அந்த முறையைத்தான்.

என்னை மிகவும் வருத்துவது கடைசித் தவறு. ‘ஊழிற் பெருவலி யாவுள’, அதாவது ஊழைவிட வலியது எது என்று கேட்கும் 380-ஆம் குறளை மட்டும் காட்டி, முயன்று பயனில்லை என்று பிறரை உட்கார வைப்பது. அதே வள்ளுவர் விடாமுயற்சியைப் பேசும் ஆள்வினையுடைமை அதிகாரத்தை 620-ஆம் குறளில் இப்படி முடிக்கிறார்:

‘ஊழையும் உப்பக்கம் காண்பர் உலைவின்றித்
தாழாது உஞற்று பவர்.’

உப்பக்கம் என்றால் முதுகுப்புறம். தளராமல் முயல்பவர் முன்னே புறங்காட்டி ஓடுவது ஊழ்.