தனியாக லேப்டாப்போடு கிளம்பும் முன் ஊரை அலசுவது எப்படி? முதல் ஒத்திகை நம்ம ஏரியாவிலேயே

"வடசென்னையா? பார்த்து இரும்மா" என்று சொல்பவர்களில் பலர் பேசின் பிரிட்ஜைத் தாண்டியிருக்கவே மாட்டார்கள். தீபாவளி நெருங்கினால் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ராத்திரியும் கால் வைக்க இடமிருக்காது என்பது வடசென்னைப் பெண்ணான உங்களுக்குத் தெரியும். எந்த சப்வேயில் பட்டப்பகலிலேயே வேகமாக நடக்க வேண்டும் என்பதும் தெரியும். நாளைக்கு லேப்டாப் வேலையோடு தனியாகப் போய்த் தங்க, கேரளக் கடற்கரை ஊரான வர்க்கலாவையோ மலேசியாவின் கோலாலம்பூரையோ போனில் தேடும்போது, ஒன்றும் தெரியாமல் "பார்த்து இரும்மா" சொல்லும் ஆள் நீங்களாகிவிடுவீர்கள்.

அதனால் "அந்த ஊர் சேஃபா?" என்று தேட வேண்டாம். அதற்கு வரும் பதில் எல்லா ஊருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். தேட வேண்டிய கேள்வி இது: நான் வேலை முடிக்கும் நேரத்தில், தங்கும் வாசலைச் சுற்றி ஒரு கிலோமீட்டரில் என்ன நடக்கிறது? இதற்குத்தான் உட்கார்ந்த இடத்திலிருந்தே பாதிக்கு மேல் விடை கண்டுபிடிக்க முடியும்.

படி 1: சொந்த ஏரியாவை வெளியூர்க்காரி போலத் தேடுங்கள்

ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தண்டையார்பேட்டையில் இரண்டு வாரம் தங்க வருகிற ஒரு பெண்ணாக உங்களை நினைத்துக்கொண்டு கூகுள் மேப்பைத் திறங்கள். விம்கோ நகரிலிருந்து ஏர்போர்ட் வரை ஒரே மெட்ரோ பாதை என்று மேப் காட்டும். அது சரிதான். அடுத்து, வியாசர்பாடி கணேசபுரம் சப்வே வழியாக ஒரு பாதை போட்டுப் பாருங்கள். தூரத்தையும் நிமிடத்தையும் கணக்காகச் சொல்லும். பெரிய மழை பெய்தால் அங்கே தண்ணீர் நின்று சுற்றித்தான் போகணும் என்பதைச் சொல்லாது. திருவொற்றியூர் பக்கம் கன்டெய்னர் லாரி வரிசையின் ஓரமாக நடப்பது எப்படி இருக்கும் என்பதையும் சொல்லாது.

தெருவைப் படமாகக் காட்டும் கூகுளின் ஸ்ட்ரீட் வியூ சென்னைக்கு 2022இல் வந்தது. அதில் இருப்பதெல்லாம் பகலில் எடுத்த படங்கள். உங்கள் தெருவையே அதில் பார்த்துவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு நேரில் நின்று பாருங்கள். படத்துக்கும் தெருவுக்கும் எவ்வளவு இடைவெளி என்று கண்ணுக்குப் பழகிவிடும். மேப் எங்கே தவறவிட்டது என்று நான்கைந்து வரி குறித்து வையுங்கள். வெளியூரைத் தேடும்போது அந்த நான்கைந்தையும்தான் தோண்டப் போகிறோம்.

வேலையையும் ஒத்திகை பாருங்கள். கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகம் போன்ற, பலர் சேர்ந்து உட்கார்ந்து வேலை செய்யும் இடத்தில் நான்கு நாள் உட்கார்ந்து வேலை செய்தால் போதும். உங்களுக்குத் தனி அறை வேண்டுமா, சத்தத்திலும் மீட்டிங் பேச முடியுமா என்று தெரிந்துவிடும்.

படி 2: ஊருக்கு முன் கடிகாரம்

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை 9 மணி என்றால் கோடையில் நமக்கு மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. நான்கு மணி நேரம் மீட்டிங், சாட் என்று போனால் கோடையில் வீட்டில் ராத்திரி 10.30க்கு முடியும். மலேசியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால் அதே வேலை அங்கே நள்ளிரவு 1 மணிக்கு முடியும். வேலை செய்ய கஃபேக்குப் போயிருந்தால், திரும்பி நடப்பதும் அந்த நேரத்தில்தான். தாய்லாந்து, வியட்நாம் ஒன்றரை மணி நேரம் முன்னால். இலங்கை நம் நேரமேதான். அமெரிக்க கிளையன்ட் இருப்பவர்கள் கிழக்கே போகப் போக அறைக்குள்ளேயே வேலை பார்க்கும்படி இடம் எடுக்க வேண்டும். லண்டன் கிளையன்ட் என்றால் இந்தத் தலைவலி குறைவு.

படி 3: சீசன்

வர்க்கலாவில் கிளிஃப் எனப்படும் கடலோரப் பாறை மேட்டின் ஓரக் கடைகளை நம்பி அறை எடுப்பவர்கள் மாதத்தைப் பார்ப்பதில்லை. ஜூன் தொடங்கினால் தென்மேற்குப் பருவமழை. கூட்டம் குறைந்து கடைகள் மூடிவிட்டால், ஜனவரியில் ராத்திரி பத்துக்கும் வெளிச்சமாக இருந்த நடைபாதை இருட்டிவிடும். வாடகை பாதியாகக் குறைந்திருக்கிறதே என்று சந்தோஷப்படும் முன் காரணத்தைக் கேளுங்கள். தாய்லாந்தின் சியாங் மாயில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயல், காடு எரிக்கும் புகை. வியட்நாமின் டா நாங்கில் அக்டோபர், நவம்பரில் கொட்டும் மழை.

படி 4: கடை மூடும் நேரக் கணக்கு

தங்கப்போகும் இடத்தை மேப்பில் குத்தி வையுங்கள். அந்த ஊரில் நீங்கள் அறைக்குத் திரும்பும் நேரம் வரும்போது, இங்கிருந்தே மேப்பைத் திறந்து மெடிக்கல், டீக்கடை, ஹோட்டல் என்று ஒவ்வொன்றாகத் தேடி, இப்போது திறந்திருப்பவை மட்டும் தெரியும்படி வடிகட்டுங்கள். பஸ் இறங்கும் இடத்திலிருந்து வாசல் வரையான கடைசி 300 மீட்டரில் எத்தனை கடை மிஞ்சுகிறது? மூன்று கடையாவது இருந்தால் தேவலை. ஒன்றுமே இல்லையென்றால் அறை எவ்வளவு அழகாக இருந்தாலும் அடுத்ததைப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை பார்க்க வேண்டும். ஞாயிறு மட்டும் செத்துப்போகும் தெருக்கள் உண்டு.

நம்ம ஊரில் பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடைக் கூட்டம் இருக்கும் வரை தெருவுக்கு ஆள் உண்டு என்று தெரியுமல்லவா, அந்தக் கணக்குத்தான் இது.

ரயிலோ விமானமோ, வெளிச்சம் இருக்கும்போது போய்ச் சேரும்படி பாருங்கள். வர்க்கலா சிவகிரி ஸ்டேஷனிலிருந்து கிளிஃப் சுமார் மூன்று கிலோமீட்டர். பகலில் சாதாரண ஆட்டோ பயணம்.

படி 5: ரிவ்யூவும் கேள்விகளும்

ரிவ்யூக்களைப் புதியது முதலில் வரும்படி மாற்றுங்கள். ஐந்து நட்சத்திரத்தைத் தள்ளிவிட்டு மூன்று நட்சத்திரத்தைப் படியுங்கள். அங்கேதான் மனசு திறந்து எழுதியிருப்பார்கள். தேடும் பெட்டியில் வைஃபை, லாக், நைட், ஸ்டாஃப் என்று ஒவ்வொரு சொல்லாகப் போடுங்கள். ஒரு ராத்திரி தங்கிய குடும்பம் "நெட் சூப்பர்" என்று எழுதியிருந்தால் அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். இரண்டு வாரம் தங்கியவரின் ஒரு வரி அதைவிட மேல்.

பிறகு விடுதிக்கு இப்படி ஒரு செய்தி:

"வணக்கம். 14 நாள் தங்க வேண்டும், அறையிலிருந்தே வேலை. ராத்திரி 8 மணிக்கு அந்த அறைக்குள் எடுத்த ஸ்பீட் டெஸ்ட் படம் அனுப்ப முடியுமா? கரன்ட் போனால் ரவுட்டர் இன்வெர்ட்டரில் ஓடுமா? கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டா? ராத்திரி வளாகத்தில் ஊழியர் யார் இருப்பார்? கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள்?"

தனியாக வருகிறேன் என்று இந்தச் செய்தியில் எழுதத் தேவையில்லை. ஆனால் தனியாக வரும் பெண்களுக்கு அறை தர மறுக்கும் லாட்ஜுகளும் உண்டு. அதனால் பணம் கட்டும் முன் போனில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். அடையாளத்துக்குக் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரைக் கொடுக்கலாம். ஆதார் வழங்கும் யுஐடிஏஐயின் தளத்தில் இறக்கிக்கொள்ளலாம்.

ஸ்பீட் டெஸ்ட் படத்தில் பெரிதாகத் தெரிவது டவுன்லோடு. நீங்கள் பார்க்க வேண்டியது அப்லோடு. குழு வீடியோ மீட்டிங்குக்கு 4 மெகாபிட் நிலையாக வந்தால் ஓட்டிவிடலாம். டவுன்லோடு 100 காட்டி அப்லோடு 1 காட்டும் அறையில் உங்கள் முகம் உறைந்து நிற்கும். இரண்டு வேறு கம்பெனி சிம் கையில் இருக்கட்டும். ஒரு மணி நேர வீடியோ மீட்டிங் சுமார் 1 ஜிபி தின்னும் என்பதால், தினம் 2 ஜிபி பேக் இரண்டே மீட்டிங்கில் தீர்ந்துவிடும்.

படி 6: வெளிநாடு என்றால்

டூரிஸ்ட் விசாவில் வேலை செய்யலாமா என்பதை அந்த நாட்டுத் தூதரகத் தளத்தில் பாருங்கள், யூடியூபில் அல்ல. லேப்டாப் வேலைக்காரர்களுக்கென்றே மலேசியாவில் 2022 முதல் டிஇ ரன்டாவ் அனுமதி இருக்கிறது. தாய்லாந்தின் டிடிவி விசா 2024இல் வந்தது: 5 வருடம் செல்லும், ஒரு தடவைக்கு 180 நாள், கணக்கில் 5 லட்சம் பாட் காட்ட வேண்டும். பாஸ்போர்ட்டில் 6 மாதமாவது மிச்சம் இருக்கட்டும்.

பலர் மறப்பது ஓடிபி. நம்ம ஊர் சிம்மில் இன்டர்நேஷனல் ரோமிங்கை இங்கேயே இயக்கிவிட்டுப் போங்கள். போன பிறகு இயக்க முயன்றால் அதற்கே ஓடிபி கேட்கும், அது வராது. மலேசியாவில் பிளக் மூன்று தட்டைப் பின் கொண்டது, அடாப்டர் வேண்டும். பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்கணும், செக்-இன் பெட்டியில் விடமாட்டார்கள்.

படி 7: மூன்று ராத்திரி மட்டும் புக் செய்யுங்கள்

மாத வாடகைத் தள்ளுபடியில் மயங்கி முழுப் பணத்தையும் கட்டிவிட்டால் பிடிக்காத அறையில் மாட்டிக்கொள்வீர்கள். மூன்று ராத்திரி தங்கி, ஒரு மீட்டிங் பேசி, இருட்டிய பிறகு ஒருமுறை நடந்து பார்த்த பிறகு தங்கும் நாளை நீட்டித்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோமீட்டருக்குள் இன்னொரு விடுதியின் பெயரும் எண்ணும் கையில் இருக்கட்டும்.

கிளம்பும் முன் அம்மாவிடமோ அக்காவிடமோ ஒரு தாள் கொடுங்கள்: டிக்கெட்டின் பிஎன்ஆர் எண், விடுதி முகவரி, விடுதி எண், இரண்டாவது விடுதி எண். தினமும் ராத்திரி 9.30க்கு ஒரு செய்தி அனுப்புவதாகப் பேசிக்கொள்ளுங்கள். வராவிட்டால் என்ன செய்வது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்: 10.30 வரை காத்திருப்பது, பிறகு விடுதிக்கு போன். அங்கேயும் யாரும் எடுக்காவிட்டால், உள்நாடு என்றால் 112. வெளிநாடு என்றால் அங்குள்ள இந்தியத் தூதரக எண். வீட்டு எண்ணை நீங்களும் பேனாவால் எழுதி பர்ஸில் வையுங்கள். போன் சார்ஜ் செத்தால் மனப்பாடமாக ஒரு எண்ணும் வராது.